கடல் சூழ்ந்த சுரங்க நாடு

மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் நிலமும் சூழ அமைந்த நிலப்பரப்பைத் தீபகற்பம் என்கிறோம். இது வடமொழியிலிருந்து வந்த சொல். 'தீவைப் போன்றது' என்பது அதன் பொருள். ஏறத்தாழத் தீவு, ஆனால் முழுத் தீவன்று. நாம் வாழும் தென்னிந்தியாவும் ஒரு தீபகற்பமே. ஆயினும் ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவருக்கு இந்த உண்மை வரைபடத்தில் மட்டுமே தெரியும். நம் ஊர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில், தக்காண மேட்டுநிலத்தின் மேல் இருக்கிறது. மிக அருகிலுள்ள கடற்கரைக்கும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். அலை ஓசை கேளாத தீபகற்பவாசிகள் நாம்.

இப்பாடத்தில் நாம் அறியப்போவது இதைவிட மிகச் சிறிய ஒரு தீபகற்பம். அதன் பெயர் கார்ன்வால். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் நீட்டிய கால் போல அது கிடக்கிறது. எங்கோ இருக்கும் அந்த நிலத்தை நாம் ஏன் படிக்க வேண்டும்? நம் ஊரின் சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கியபோது, அவ்வேலைக்குத் தலைமை தாங்க அழைத்து வரப்பட்டவர்களுள் பலர் அந்தத் தீபகற்பத்திலிருந்து வந்தவர்கள். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் நிறுவனம் கோலார் தங்கவயலில் காலூன்றியது. நிலத்தடியில் வேலை செய்யத் தெரிந்த கைகளை அது கார்ன்வாலிலிருந்தே கொண்டுவந்தது. கடலோரத்துச் சிறுநிலம் ஒன்றின் மக்கள் நிலத்தடி வேலையில் எவ்வாறு அவ்வளவு தேர்ச்சி பெற்றனர்? அந்த நிலத்தின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ன்வாலின் வடக்கிலும் மேற்கிலும் அட்லாண்டிக் கடல். தெற்கில் ஆங்கிலக் கால்வாய். கிழக்கில் மட்டும் டெவன் என்னும் நிலப்பகுதியோடு அது ஒட்டியிருக்கிறது. அந்த ஒட்டும் இடத்திலும் டேமர் என்னும் ஆறு குறுக்கே ஓடுகிறது. டேமர் பிறக்கும் இடம் வடக்குக் கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான். ஆனால் அது அருகிலிருக்கும் அந்தக் கடலை நாடாமல், தெற்கு நோக்கி நாட்டின் குறுக்கே முழுவதும் ஓடி, பிளிமத் நகரருகே கடலில் கலக்கிறது. இன்னும் சில கிலோமீட்டர் வடக்கே பிறந்திருந்தால் கார்ன்வால் தீவாகவே ஆகியிருக்கும். இந்த ஆற்றின் கழிமுகத்தைக் கடக்கும் இரயில் பாலம் 1859-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. புரூனெல் என்னும் பொறியாளர் அமைத்த அப்பாலம் வரும்வரை, இலண்டனிலிருந்து கார்ன்வாலுக்குச் செல்வது பெரும் பயணம். கரடுமுரடான சாலையில் வண்டியில் செல்வதைவிடக் கப்பலில் செல்வதையே பலர் விரும்பினர்.

கார்ன்வாலின் பரப்பு ஏறத்தாழ 3,560 சதுர கிலோமீட்டர். நம் கோலார் மாவட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. நடுவில் முதுகெலும்பு போல மேட்டுநிலங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் பெரியது போட்மின் மேட்டுநிலம். அங்குள்ள பிரவுன் வில்லி என்னும் குன்றுதான் நாட்டிலேயே உயர்ந்தது. அதன் உயரம் 420 மீட்டர். இதைக் கேட்டு நீங்கள் நகைக்கலாம். நம் வீட்டு வாசற்படியே அதைப் போல் இரு மடங்கு உயரத்தில் இருக்கிறது! ஆனால் மலை என்பது உயரக் கணக்கு மட்டுமன்று. கடற்கரையில் நின்று பார்ப்பவருக்குக் கார்ன்வால் மலைநாடாகவே தோன்றும். கடலிலிருந்து நேராக எழும் செங்குத்துப் பாறைச் சுவர்கள், அவற்றின் அடியில் இடைவிடாது மோதும் அலைகள், பாறை இடுக்குகளில் ஒதுங்கிய சின்னஞ்சிறு துறைமுகங்கள், ஆறுகள் அறுத்த ஒடுங்கிய பள்ளத்தாக்குகள் ஆகியவற்றால் ஆனது அந்த நாடு. மண் மெலிந்தது, காற்று ஓயாதது. மேட்டுநிலங்களில் மரங்கள் அரிது. இருப்பவையும் காற்று வீசும் திசைக்கேற்ப ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளரும்.

எனினும் குளிர் கடுமையானதன்று. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் அக்கரையைத் தழுவிச் செல்வதால், இங்கிலாந்தின் பிற பகுதிகளில் பனி உறையும் காலத்திலும் கார்ன்வாலின் தென்கரைத் தோட்டங்களில் பனை வகை மரங்கள் நிற்பதைக் காணலாம். மேற்குக் கோடியில் நிற்கும் பாறை முனைக்கு ஆங்கிலத்தில் லேண்ட்ஸ் எண்ட் என்று பெயர். 'நிலத்தின் முடிவு' என்பது பொருள். தெற்குக் கோடியில் லிசார்ட் முனை. பெயரைக் கேட்டுப் பல்லியை நினைக்க வேண்டா. 'உயர்ந்த மன்றம்' எனப் பொருள்படும் பழைய கார்னிஷ் தொடரின் திரிபு அது என்பர்.

இந்தக் கரையில் வாழ்வுக்கு இரண்டே வழிகள் இருந்தன. ஒன்று கடல். மத்தி மீன்கள் கூட்டமாகக் கரையை நெருங்கும் காலத்தில், பாறை உச்சியில் ஒருவர் காவலிருப்பார். மேலிருந்து பார்க்கையில் மீன் கூட்டம் கடல்மேல் நகரும் கரிய நிழல் போலத் தெரியும். உடனே அவர் 'ஹெவ்வா, ஹெவ்வா' என்று கூவுவார். ஊரே கடலுக்கு ஓடும். படகிலுள்ளவர்களுக்கு மீன் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேலே நிற்பவரின் கை அசைவைப் பார்த்தே வலையை வளைப்பார்கள்.

மற்றொரு வழி நிலத்துக்கடியில் இருந்தது. ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு பெரிய குமிழிகளாக மேலெழுந்தது. அது மேற்பரப்பை அடையாமல் உள்ளேயே மெல்ல மெல்லக் குளிர்ந்து கருங்கல்லாக இறுகியது. அவ்வாறு குளிரும்போது கல்லிலும், அதைச் சூழ்ந்த பலகைப் பாறையிலும் வெடிப்புகள் உண்டாயின. கொதிக்கும் நீர், தன்னுள் கரைந்த உலோகங்களோடு அந்த வெடிப்புகளில் ஏறியது. நீர் ஆற ஆற உலோகங்கள் படிந்தன. உடலில் நரம்பு ஓடுவது போலப் பாறையில் ஓடும் இந்தப் படிவுகளைக் கனிம நாளங்கள் எனலாம். கார்ன்வாலின் நாளங்களில் வெள்ளீயமும் செம்பும் இருந்தன. பல கோடி ஆண்டு மழையும் காற்றும் மேலிருந்த பாறையை அரித்துவிட, கருங்கற் குமிழிகளின் தலைகள் வெளியே தெரிந்தன. அத்தலைகளே இன்றைய மேட்டுநிலங்கள். ஆகவே கார்ன்வாலின் குன்றுகளும் சுரங்கங்களும் ஒரே நிகழ்ச்சியின் இரு விளைவுகள்.

நம் தங்கவயலின் பாறை இதைவிட மிக முதியது. கோலாரின் தங்கத்தைத் தாங்கிய கரும்பாறைப் பட்டை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமும் ஒரு சில கிலோமீட்டர் அகலமும் உடையது. அதன் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள். அதனுள் வெண்படிகக்கல் நாளங்கள் ஓடுகின்றன. அந்த வெண்கல்லில்தான் கண்ணுக்கே புலப்படாத துகள்களாகத் தங்கம் கலந்திருந்தது. கார்ன்வால் பாறை உருவானபோது கோலார் பாறை அதைப்போல் பல மடங்கு முதுமை அடைந்திருந்தது. ஆனால் நாளத்தைப் பின்தொடர்ந்து கீழே இறங்கும் கலை இரண்டிற்கும் ஒன்றே. நாளம் எந்தப் பக்கம் சாயும், எங்கே ஒடுங்கி மறையும், மறைந்தபின் எத்திசையில் தேட வேண்டும் என்பதைத் தந்தையிடமிருந்து மகன் கற்றுக்கொண்ட நாடு கார்ன்வால்.

சுரங்கத்தின் முதற்பகை தண்ணீர். ஆழம் கூடக் கூட ஊற்று நீர் உள்ளே நிரம்பும். அதை இறைக்க நீராவிப் பொறிகள் வேண்டும். பொறிகளுக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலில் நிலக்கரியே கிடையாது! கடலுக்கு அப்பாலுள்ள வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலில் அதைக் கொண்டுவந்தார்கள். அக்கப்பல்கள் போகும்போது செம்புத் தாதுவை ஏற்றிச் சென்றன. விலை கொடுத்து வாங்கும் கரியை வீணாக்க எவருக்கு மனம் வரும்? குறைந்த கரியில் மிகுந்த நீரை இறைக்கும் பொறியைச் செய்ய வேண்டிய கட்டாயம் அங்கே இருந்தது. அந்தக் கட்டாயத்தில் வளர்ந்தவர் சுரங்கத் தலைவர் ஒருவரின் மகனான ரிச்சர்டு டிரெவிதிக். உயர் அழுத்த நீராவிப் பொறியை உருவாக்கிய அவர், 1804-இல் தண்டவாளத்தின்மீது நீராவி வண்டியை ஓட்டிக் காட்டினார். இரயிலின் கதை ஒரு சுரங்க நாட்டில் கரி இல்லாத குறையிலிருந்தும் பிறந்தது.

இதே குறை நம் ஊருக்கும் இருந்தது. கோலாரிலும் நிலக்கரி இல்லை. இங்கே கிடைத்த விடை காவிரி ஆறு. 1902-இல் சிவசமுத்திர அருவியில் உண்டாக்கிய மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பி வழியே தங்கவயலை வந்தடைந்தது. தஞ்சை வயல்களுக்குப் பாயும் அதே காவிரிதான், நம் முன்னோர்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய கூண்டையும் இயக்கியது.

கார்ன்வாலின் மேற்குக் கரையில் பொட்டாலக், லெவான்ட் என்னும் சுரங்கங்கள் உண்டு. அங்கே கனிம நாளங்கள் நிலத்தோடு நிற்கவில்லை. கடலின் அடியிலும் தொடர்ந்தன. சுரங்கத்தாரும் தொடர்ந்தார்கள். பாறைச் சுவரின் விளிம்பில், அலை தெறிக்கும் இடத்தில், பொறி வீடுகளைக் கட்டினார்கள். அவர்கள் தோண்டிய சுரங்கப் பாதைகள் கடலடியில் வெகுதூரம் சென்றன. புயல் நாட்களில், கடலடியில் கிடக்கும் பெரும் கற்கள் அலையால் உருளும் ஓசை, கீழே வேலை செய்வோரின் தலைக்கு மேல் கேட்குமாம். 1919-இல் லெவான்ட் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் பொறி முறிந்து விழுந்து 31 பேர் இறந்தனர். ஒரு சிற்றூருக்கு அது தாங்கக்கூடிய எண்ணிக்கையன்று. நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறைகள் திடீரென வெடித்துச் சிதறிய நாட்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சாம்பியன் ரீஃப் 3,200 மீட்டருக்கும் மேல் ஆழம் உடையது. நம் ஊரின் உயரத்தைக் கழித்துப் பாருங்கள். கடலையே காணாத ஊரில், கடல்மட்டத்துக்கும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் கீழே சென்று மனிதர்கள் வேலை செய்தார்கள். அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கார்ன்வாலின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றான டோல்கோத் ஒரு கிலோமீட்டர் ஆழத்தை நெருங்கியதே பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. ஆசிரியரின் ஆழத்தை மாணவர் மும்மடங்கு தாண்டிய கதை இது.

கார்ன்வாலின் மக்கள் தம் நாட்டை விட்டு ஏன் புறப்பட்டார்கள்? 1866-இல் செம்பின் விலை வீழ்ந்தது. அமெரிக்காவிலும் சிலியிலும் மலிவான செம்பு கிடைக்கத் தொடங்கியிருந்தது. பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வெள்ளீயம் வந்து குவிந்தது. மலேயாவும் ஒரு தீபகற்பமே; தமிழர் பலர் தோட்ட வேலைக்குக் குடிபெயர்ந்த இடம் என்பதால் அப்பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. மெலிந்த மண் அத்தனை பேருக்கும் சோறு போடாது. மூன்று பக்கமும் கடல் உள்ள நாட்டில் வேலை தேடிச் செல்பவருக்கு அண்டை ஊர் என்பது கப்பல்தான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா எனப் பிரிந்து சென்றன. அவர்களுள் ஒரு சிறு பகுதியினர் கோலாருக்கு வந்தனர்.

அதே காலத்தில் மற்றொரு மக்கள் கூட்டமும் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைக் கொடும் பஞ்சம் வாட்டியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளில் நிலமற்றவர்களாகவும், சாதியால் ஒடுக்கப்பட்டவர்களாகவும் இருந்த தமிழர் பலர் கூலி வேலை தேடி மேட்டுநிலம் ஏறினர். பாலாற்றை நினைத்துக்கொண்டால் அந்த வழி எளிதில் விளங்கும். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, நமக்குக் குடிநீர் தரும் பேத்தமங்கலம் ஏரியைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே பாலாறு கடலுக்கு இறங்குகிறது. நீர் இறங்கிய திசைக்கு எதிராக மக்கள் ஏறி வந்தார்கள்.

இரு கூட்டத்தாரும் பிழைப்புக்காகப் பிறந்த மண்ணை விட்டவர்கள். ஆனால் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. கார்ன்வாலிலிருந்து வந்தவருக்கு மேற்பார்வையாளர் பதவியும், தோட்டத்தோடு கூடிய பங்களாவும், பொழுதுபோக்கு மன்றமும் கிடைத்தன. நம்மவருக்குக் கிடைத்தவை லைன் வீடுகள். ஒரே பாறையை உடைத்தவர்களின் கூலி ஒன்றாக இருக்கவில்லை. தங்கவயலைச் 'சிறிய இங்கிலாந்து' என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்தச் சிறிய இங்கிலாந்து எவருக்கு இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

நிலத்தின் அமைப்பு மொழியையும் பாதிக்கும் என்பதற்குக் கார்ன்வால் நல்ல சான்று. அந்நாட்டு மக்களின் சொந்த மொழி ஆங்கிலமன்று. கார்னிஷ் என்னும் பழைய மொழி. கிழக்கிலிருந்து ஆங்கிலம் டேமர் ஆற்றைக் கடந்து பரவப் பரவ, கார்னிஷ் மேற்கே மேற்கே ஒதுங்கியது. 1549-இல் வழிபாட்டு நூல் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என அரசு கட்டளையிட்டபோது கார்ன்வால் மக்கள் கிளர்ந்தெழுந்தனர், கிளர்ச்சி அடக்கப்பட்டது. பெரிய நிலத்தில் ஒரு மொழி ஒதுங்கினால் வேறு பக்கம் போகலாம். தீபகற்பத்தில் போக இடமில்லை, அடுத்தது கடல். லேண்ட்ஸ் எண்டை ஒட்டிய மீனவர் ஊர்களில்தான் அம்மொழி கடைசியாகப் பேசப்பட்டது. 1777-இல் இறந்த டாலி பென்ட்ரீத் என்னும் மீன் விற்ற மூதாட்டியை அதன் கடைசிப் பேச்சாளர் என மரபாகச் சொல்வர்.

ஆயினும் ஊர்ப் பெயர்களில் கார்னிஷ் உயிரோடு இருந்தது. 'ட்ரெ' என்றால் குடியிருப்பு. 'போல்' என்றால் குளம். 'பென்' என்றால் தலை அல்லது முனை. இவற்றில் தொடங்கும் பெயரைக் கேட்டாலே அவர் கார்ன்வால்காரர் என ஊகித்துவிடலாம். டிரெவிதிக், பென்ட்ரீத் என்று நாம் மேலே கண்ட இரு பெயர்களையும் மீண்டும் பாருங்கள். பின்னர் ஆர்வலர்கள் பழைய ஏடுகளிலிருந்து அம்மொழியைத் தேடிக் கற்றனர், பிள்ளைகளுக்கும் கற்பித்தனர். 2002-இல் பிரித்தானிய அரசு அதை ஒரு சிறுபான்மை மொழியாக ஏற்றுக்கொண்டது. கற்பிப்பார் இல்லாமல் நெடுங்காலம் கிடந்த மொழியைப் பேச இன்று மீண்டும் சில நூறு பேராவது இருக்கின்றனர்.

கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி 1998-இல் மூடப்பட்டது. நம் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. மூன்றாண்டு இடைவெளியில் இரு ஊர்களிலும் ஒரே வகைக் காலை விடிந்தது: சங்கு ஊதாத காலை.

அதன்பின் நடந்தவை ஒன்றல்ல. கார்ன்வாலில் கூரையிழந்து நின்ற பொறி வீடுகளையும் சுரங்க நிலத்தையும் 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெள்ளைக் களிமண் எடுத்த ஒரு பெரும் பள்ளத்தில், மாபெரும் கண்ணாடிக் குமிழிகள் போன்ற கூடாரங்கள் அமைத்து, வெப்ப நாட்டுச் செடிகளை வளர்க்கிறார்கள். ஈடன் என்னும் அத்தோட்டம் திறக்கப்பட்டது 2001 மார்ச்சில்; நம் சுரங்கம் மூடிய அடுத்த மாதம். இங்கோ, நூற்றிருபது ஆண்டுகளாக அரைத்துக் கொட்டிய பாறைத்தூள் சயனைடு குன்றுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் பருவத்தில் அத்தூள் வீட்டுக்குள்ளும் வருகிறது. விடியுமுன் மாரிகுப்பத்தில் புறப்படும் இரயிலில் ஆயிரக்கணக்கானோர் வேலைக்காகப் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

பயிற்சி

1. டேமர் ஆறு எங்கே பிறந்து எங்கே கலக்கிறது? அது இல்லையெனில் கார்ன்வாலின் வரலாறு எவ்வாறு மாறியிருக்கலாம்? ஐந்து தொடர்களில் எழுதுக.

2. நிலக்கரி இல்லாத குறையைக் கார்ன்வாலும் கோலாரும் எவ்வாறு தீர்த்துக்கொண்டன?

3. 'ட்ரெ', 'போல்', 'பென்' போன்று தமிழ் ஊர்ப் பெயர்களில் வரும் 'பேட்டை', 'குப்பம்', 'பாடி', 'ஊர்' ஆகியவற்றின் பொருளறிந்து, ஒவ்வொன்றிற்கும் இரண்டு ஊர்ப் பெயர்களைத் தருக.

4. உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்தத் தலைமுறையில், எந்த வழியாக இங்கு வந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவ்வழியை வரைபடத்தில் குறிக்க. அவ்வழியிலுள்ள ஆறுகளின் பெயரையும் எழுதுக.